எங்கள் வெப்சைட்டின் உடுப்பை நான்தான் கழற்றினேன்

போன திங்கட்கிழமை காலை. கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நகர்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. எனக்கு நிற்க மட்டுமே இடம் கிடைத்திருந்தது. ஒரு கையில் கம்பி, மறு கையில் பை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

சவரிமுத்து சேர். ஓய்வுபெற்ற அதிபர், எங்கள் சங்கத்தின் தலைவர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாலும் காலைக் கூட்டத்தில் பேசுகிற சத்தத்தை அங்கேயே விட்டுவிட்டு வர மறந்தவர். போனைக் காதுக்கு வைத்தாலும் அவர் பேசுவது நாலு சீட்டுக்குக் கேட்கும்.

“மெர்சி, நம்ம வெப்சைட்ட யாரோ அம்மணமாக்கிட்டாங்க.”

முன் சீட்டில் இருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

“யாரும் இல்ல சேர். நான்தான் கழட்டினேன்.”

இப்போது பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் டிக்கட் கிழிப்பதை நிறுத்திவிட்டார்.

“என்னத்த கழட்டினீங்க?”

“எல்லாத்தையும்.”

சேர் போனை வைத்துவிட்டார். பஸ் நகர்ந்தது. பஸ்ஸில் இருந்தவர்களுக்கு விளக்கம் சொல்ல நேரமும் இல்லை, மனமும் இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன். வாராவாரம் என் புலம்பலைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் நீங்கள்தானே?

எங்கள் சங்கத்துக்கு ஒரே ஒரு உருப்படியான வேலைதான் உண்டு. ஒரு வேன். நடக்க முடியாத, பஸ்ஸில் நிற்க முடியாத நோயாளிகளைக் கண்டி ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிவந்து, திரும்பவும் வீட்டில் விடுகிற வேன். செவ்வாய்க்கிழமை கலகெதரப் பக்கம். புதன்கிழமை தெல்தோட்டைப் பக்கம். தெல்தோட்டை வேன் மேலே தேயிலைத் தோட்டங்களில் புறப்பட்டு, வழியில் உள்ளவர்களையும் ஏற்றிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

முன்பெல்லாம் நௌஷாத் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் போன் பண்ணி இடம் பிடிப்பார்கள். நானாதான் சங்கத்தின் செயலாளர். ஆணி நிறுத்துக்கொண்டே பெயர் கேட்பார். பிறகு, நானா தன் ஆட்களுக்கு முதல் இடம் கொடுக்கிறார் என்று ஒரு கதை கிளம்பியது. மனிதர் நொந்துபோனார். சரி, வெப்சைட் வைப்போம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பதிவு திறக்கட்டும், அவரவர் வீட்டுப் போனிலிருந்தே பதியட்டும், முந்தியவருக்கு இடம் என்று முடிவானது. அதைவிட நியாயம் உண்டா என்று எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

யார் முந்துவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நல்ல சிக்னல் உள்ளவர்கள்தான் முந்தினார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்பு சொந்தக்காரப் பிள்ளை ஒன்றின் கலியாணத்துக்குத் தெல்தோட்டைக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. விருந்து முடிந்து, கை கழுவிவிட்டு வெளியே வந்தால், பக்கத்து மாதா கோயில் மதிலோரம் ரோஸ்மேரி நிற்கிறாள். என்னைவிட இளையவள், தோட்டத்துக் குடியிருப்பில் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போதும் அங்கேதான் கொழுந்து எடுக்கிறாள். கலியாணச் சீலையோடு, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்ன ரோஸ்மேரி, படம் எடுக்கிறியா?”

“இல்லக்கா. உங்க சங்கத்து வேனுக்குப் பதியுறேன். இங்கன மட்டுந்தான் கொஞ்சம் சிக்னல் வரும்.”

அவள் புருஷன் ஜோசப்புக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காலில் ஒரு புண், பாதத்துக்கு அடியில், ஆறாமல் நிற்கிறது. கிளினிக்குக்கு வந்து மருந்து கட்டிக்கொண்டு போக வேண்டும். தெல்தோட்டையிலிருந்து கண்டிக்கு வருகிற பஸ் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வளைவுகளில் நல்ல கால் உள்ளவர்களே நிற்க முடியாது. ஒரு முறை பஸ்ஸில் வந்து, யாரோ மிதித்து, புண் பிளந்து இரத்தத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

“போன கிளினிக்கும் போகல்ல, அதுக்கு முந்தினதும் போகல்ல. டொக்டர் ஏசிப்புட்டாருக்கா. இப்பிடியே விட்டா காலை எடுக்க வேண்டி வரும்னு சொல்லிட்டாரு.”

“ஏன் வேன்ல பதியல்ல?”

“பதியாம இருக்கேனா? இந்தா பாருங்க.”

போனைக் காட்டினாள். வெள்ளைத் திரை. மேலே ஒரு கோடு கொஞ்சம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கலியாண வீட்டில் பாட்டு மாறியது. மாப்பிள்ளை வீட்டார் போட்டோவுக்கு வரிசை கட்டினார்கள், போட்டோவும் முடிந்தது. திரை அப்படியே வெள்ளையாக நின்றது.

கடைசியில் பக்கம் திறந்தது. முதலில் பனி கொட்டியது. பிறகு பொங்கல் பானை பொங்கியது. பிறகு பிறை எழும்பியது. வெசாக் விளக்குக் கூடு ஒன்று இடமும் வலமும் ஆடியது. இந்தத் திருவிழாவுக்கெல்லாம் கீழே, சின்ன எழுத்தில் — ‘இந்த வாரத்துக்கான இடங்கள் நிரம்பிவிட்டன.’

ரோஸ்மேரி போனைக் கைப்பைக்குள் வைத்தாள். கோபப்படவில்லை. “நம்ம போன் சரியில்ல போலக்கா” என்றாள்.

அந்த ஒரு வசனம்தான் என்னைச் சுட்டது. போன் நன்றாகத்தான் இருந்தது. சரியில்லாதது நாங்கள்.

அந்தப் பனியும் பானையும் பிறையும் எப்படி அங்கே வந்தன? இதைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு எங்கள் சங்கம் புரியாது. நாங்கள் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் சேர்ந்த சங்கம். அதில் எங்களுக்குப் பெருமை உண்டு, பெருமைக்குக் காரணமும் உண்டு. வெப்சைட் தொடங்கிய வருடம், நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, யாரோ பனி விழுகிற அலங்காரம் ஒன்றைப் போடச் சொன்னார்கள். கொழும்பில் இருக்கிற டிசைனர் போட்டார். தைப்பொங்கலுக்குப் பானை வந்தது. வெசாக்குக்குக் கூடு. நோன்புப் பெருநாளுக்குப் பிறை. நல்லதுதானே?

போட்டது பிரச்சினையில்லை. கழற்றுவதுதான் பிரச்சினை.

ஒரு வருடம் பெருநாள் முடிந்த கையோடு டிசைனர் பிறையை எடுத்துவிட்டார். பனி இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. நானாவின் கடைக்கு வந்தவர்கள் கேட்டார்களாம் — “எங்கட மட்டும் ஏன் கழட்டின?” நானா சங்கத்துக்கு வந்து கேட்டார். சவரிமுத்து சேர் வெலவெலத்துப் போனார். அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தார்கள். இனி யாருடைய அலங்காரத்தையும் கழற்றுவதில்லை. அன்று முதல் எங்கள் வெப்சைட்டில் ஆண்டு முழுவதும் எல்லாப் பெருநாளும் நடக்கின்றன. ஆவணி வெயிலில் பனி கொட்டும். ஐப்பசி மழையில் பானை பொங்கும். முதலில் யாருடையதை எடுப்பது என்று கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை.

இந்தத் தவறை எங்களைப் போன்றவர்களால்தான் செய்ய முடியும். ஒருவரையொருவர் நோகடிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்து, கடைசியில் கோயில் மதிலோரம் நிற்கிற ஒருத்தியை நோகடித்தோம்.

கொஞ்சம் தொழில் பேச்சு. பயப்பட வேண்டாம், சுருக்கமாகத்தான். ஒரு வெப்பக்கத்துக்கு எழுத்து ஒன்று, உடுப்பு ஒன்று. நிறம், அளவு, எழுத்தின் வடிவம் — இதெல்லாம் ஸ்டைல் ஷீட் என்கிற தனிக் கோப்பில் வரும். அதுதான் உடுப்பு. உடுப்பெல்லாம் சேர்ந்த அலுமாரிக்குத் தீம் என்று பெயர். எங்கள் அலங்காரம் ஒவ்வொன்றும் தன்னுடைய ஸ்டைல் ஷீட்டோடு, தன்னுடைய எழுத்துருவோடு, படங்களோடு வந்திருந்தது. உடுப்பெல்லாம் வந்து சேரும்வரை போன் பக்கத்தைக் காட்டாது. வெள்ளையாகவே வைத்திருக்கும். டவுனில் இருக்கிறவருக்கு அது கண் சிமிட்டுகிற நேரம். தெல்தோட்டைக் கோயில் மதிலோரம்... அது ஒரு கலியாணத்தின் போட்டோ முடிகிற நேரம்.

அதிலும் பாருங்கள், பதிவுப் பக்கத்துக்கு வேண்டியது என்ன? பெயர், ஊர், கிளினிக் அட்டை நம்பர், ஒரு பொத்தான். அதற்கு எதற்கு நாலு பெருநாள் உடுப்பு?

சேரிடம் போனேன். நான்தான் சங்கத்துக்குச் செய்தி எழுதிப் போடுகிறவள், வெப்சைட்டின் சாவி என்னிடமும் இருக்கிறது. ஆனாலும் முறையாகக் கேட்போம் என்று போனேன். அந்த ஒழுக்கம் அப்போது இருந்தது.

சேர் தேத்தண்ணீர் கொடுத்தார். கேட்டார். பிறகு சொன்னார்:

“மெர்சி, தெல்தோட்டைல இருந்து யாரும் பதியுறதே இல்ல. கீழ உள்ளவங்கதான் பதியுறாங்க. வேன் சும்மா எதுக்கு மேல ஏறணும்? அடுத்த கூட்டத்துல அந்தப் பயணத்தப் பாதி வழியோட நிப்பாட்டலாம்னு நான் யோசிக்கிறேன்.”

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“பதியாம இல்ல சேர். பதிய முடியாம இருக்காங்க. பக்கம் தொறக்குதில்ல.”

“எனக்குத் தொறக்குதே.”

“நீங்க இருக்கிறது டவுன் பக்கம், கட்டுகஸ்தோட்டைல.”

“சரி, யாருட அலங்காரத்த முதல்ல எடுக்கிறது? நீங்களே சொல்லுங்க. பனிய எடுத்தா நம்ம ஆளுக கேப்பாங்க. பிறைய எடுத்தா நௌஷாத் கேப்பாரு. சும்மா இருக்கிற சங்க ஊதிக் கெடுக்க வேணாம்.”

டிசைனருக்குப் போன் போட்டேன். அவரும் ஒரு பதில் வைத்திருந்தார்.

“மேடம், இந்த தீம்ல கை வைக்க ஏலாது. முந்தி ஒருத்தர் தீம் ஃபைல்லயே வெட்டிப் பாத்தாரு. அடுத்த அப்டேட் வந்து எல்லாத்தையும் பழையபடி ஆக்கிட்டு. புது சைட் ஒண்டு செய்றதுதான் நல்லம்.”

புது சைட். அது வருகிறதற்குள் ஜோசப்பின் கால் இருக்குமா?

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ‘ஏலாது’ என்று யாராவது சொன்னால் தூக்கம் வராது... அதுவும் ‘மேடம், ஏலாது’ என்று சொன்னால். கொம்ப்யூட்டர் படித்தவள் அல்ல நான். ஆனால் பத்தி எழுதிக் குப்பை கொட்டுகிற என் சொந்த வெப்சைட்டை நானேதான் இத்தனை வருடமும் ஒட்டியும் வெட்டியும் ஓட்டுகிறேன். வாசித்தேன். சமையல் அடுப்பில் இருக்கும்போதும் வாசித்தேன், கறி ஒன்று கருகியது. கடைசியில் அகப்பட்டது. ஃபில்டர் ஹூக்.

கத்தோலிக்கக் கோயில்களில் கலியாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். இன்னாரும் இன்னாரும் கலியாணம் முடிக்கப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்று சாமியார் கேட்பார். யாரும் பேசாவிட்டால் கலியாணம் நடக்கும். எங்கள் வெப்சைட்டை ஓட்டுகிற மென்பொருளும் அதையேதான் செய்கிறது. ஒவ்வொரு ஸ்டைல் ஷீட்டையும் போனுக்கு அனுப்புவதற்குச் சற்று முன்னால் ஒரு கணம் நிற்கிறது. இதை அனுப்பப் போகிறேன், யாருக்காவது ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்கிறது. அந்த நிற்கிற இடத்துக்குத்தான் ஃபில்டர் ஹூக் என்று பெயர். அங்கே நம்முடைய நாலு வரியைக் கொளுவிவிடலாம். ‘இது பதிவுப் பக்கம். பனி இங்கே வர வேண்டாம். பானை வேண்டாம். பிறையும் கூடும் வேண்டாம்.’

எதையும் அழிக்கத் தேவையில்லை. யாருடையதையும் எடுத்தெறியத் தேவையில்லை. எல்லாம் அதது இருக்கிற இடத்தில் இருக்கும். இந்த வாசலுக்கு மட்டும் வராது. தீமில் கை வைக்காமல் தனிக் கோப்பில் எழுதுவதால் அப்டேட் வந்தாலும் அழியாது. இத்தனை வருடமும் இந்தக் கேள்வியை மென்பொருள் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நாங்கள்தான் வாயைத் திறக்கவில்லை.

அனுமதி கேட்டேனா? இல்லை. ஒரு முறை கேட்டாயிற்று, தேத்தண்ணீரோடு பதிலும் கிடைத்தாயிற்று. மறுபடி கேட்டால் அடுத்த கூட்டம் என்பார்கள். அந்தக் கூட்டத்தில்தான் தெல்தோட்டைப் பயணத்தையே நிறுத்தப் போகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, பதிவு திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த வரிகளை ஏற்றினேன். ஏற்றிவிட்டுப் பக்கத்தைத் திறந்தேன்.

பனி இல்லை. பானை இல்லை. பிறை இல்லை, கூடு இல்லை. நல்லது. நிறமும் இல்லை. சங்கத்தின் நீலப் பட்டி இல்லை. எழுத்து வடிவம் இல்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, இடது பக்கம் ஒட்டி, மேலிருந்து கீழே. முகப்புப் பக்கத்தைத் திறந்தேன். அதுவும் அப்படியே. தலைவர் செய்தி, சேரின் படம், எல்லாம் உடுப்பில்லாமல் வரிசையில் நின்றன.

என்ன நடந்தது? ஃபில்டரில் ஒரு விதி உண்டு. கேட்டவருக்குக் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும். தடுக்க வேண்டியதற்கு வெறும் கையைக் காட்டு, மற்றதையெல்லாம் வந்தபடியே திருப்பிக் கொடு. இந்த இரண்டாவது பாதியை எழுத மறந்துவிட்டேன். அதனால் வந்ததெல்லாம் என் கையிலேயே நின்றுவிட்டது. ஒரு ஸ்டைல் ஷீட்டும் வெளியே போகவில்லை.

திருத்தலாம் என்று உட்கார்ந்தேன். ஒரே ஒரு வரிதான். அதற்குள் போன் அடித்தது. ரோஸ்மேரி.

“அக்கா, என்னமோ ஆகிப்போச்சு.”

“என்ன?”

“அமுக்கினேன், தொறந்துக்கிச்சு.”

“தொறந்ததா?”

“உடனேக்கா. ஒரே வெறிச்சுன்னு இருக்கு. ஆனா பேரு போடுற எடம் இருக்கு. போடவா?”

“போடு.”

“கிளினிக் நம்பர் கேக்குது.”

“அதையும் போடு.”

பிறகு அவள் மெதுவாக வாசித்தாள். “‘உங்கள் இடம் பதிவாகிவிட்டது’ன்னு வந்திருக்குக்கா. நெசந்தானா இது?”

நிசம்தான் என்றேன். அவள் அழுதாள். நானும் அழுதேன் என்று எழுதினால் பத்தி நனைந்துவிடும். எழுதாமல் விடுகிறேன்.

“பக்கத்து லயத்துலயும் ரெண்டு மூணு பேரு இருக்காங்க. சொல்லவா?”

“ஓடிப் போய்ச் சொல்லு.”

இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த ஒரு வரியை எழுதி, வெப்சைட்டுக்கு உடுப்பைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஒரு புள்ளி பிழையானாலும் முழுத் தளமும் விழுந்துவிடும். பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற பஸ்ஸுக்கு யாராவது டயர் மாற்றுவார்களா? இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு, மறைப்பானேன்? எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அலங்காரம் எதுவும் இல்லாவிட்டால் எங்கள் வெப்சைட்டில் மிஞ்சுவது என்ன என்று ஒரு தடவை எல்லோரும் பார்க்கட்டும். கொம்ப்யூட்டரை மூடிவிட்டு, அடுப்படிக்குப் போய்ப் பருப்பு வைத்தேன். அன்று கருகவில்லை.

மறு நாள் காலைதான் பாலத்தில் அந்தப் போன்.

அன்று பின்னேரமே அவசரக் கூட்டம். நானாவின் கடை மேல்மாடியில், பெயின்ட் வாளிகளுக்கு நடுவே கதிரைகள் போட்டிருந்தது. சேர் எழுந்து நின்றே பேசினார். வெளிநாட்டில் இருந்து உதவி செய்கிறவர்கள் பார்க்கிற வெப்சைட் இது என்றார். முப்பது வருடப் பெயர் என்றார். அவருடைய படம் தலைவர் செய்திக்கு மேலே பெரிதாக, கோணலாக நின்றதைப் பற்றி அவர் சொல்லவில்லை. அதுதான் அதிகம் நொந்திருக்கும். பாவம்.

நானா என் பக்கம் திரும்பினார். முகம் இறுகியிருந்தது.

“தங்கச்சி, எங்கட பிறைய காணல்ல.”

“ஓம் நானா, எடுத்துட்டேன்.”

“பனி ஈக்கிதா?”

“அதும் இல்ல.”

“பானை?”

“போச்சு.”

“வெசாக் கூடு?”

“அதுவும் போச்சு நானா. ஒண்ணும் இல்ல.”

நானா விரல் விட்டு எண்ணினார். பிறகு கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானே செஞ்சீக்கி. எனக்குப் பேச்சில்ல.”

சேர் அவரைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நான் எழுந்தேன். “சேர், இந்த வாரம் பதிஞ்சவங்க ஊரப் பாருங்க” என்றேன். நானாதான் போனில் பார்த்து வாசித்தார். தெல்தோட்டை. தெல்தோட்டை. மறுபடியும் தெல்தோட்டை. யாரும் பதிவதே இல்லை என்று சேர் சொன்ன இடம். நானா வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சேரைப் பார்த்தார்.

பாதி வழியோடு வேனை நிறுத்துகிற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

அங்கேயே வைத்து அந்த ஒரு வரியை எழுதினேன். நீலப் பட்டி திரும்பி வந்தது. சேரின் படமும் நிமிர்ந்து, தன் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. அலங்காரங்களுக்கும் வழி சொன்னேன். எதுவும் அழியவில்லை. நத்தாருக்குப் பனி வரும், பெருநாளுக்குப் பிறை வரும், வெசாக்குக்குக் கூடு, தைக்குப் பானை. அவரவர் நாளில், முகப்புப் பக்கத்தில் மட்டும். நாள் முடிந்தால் தானாகவே போகும். யாரும் யாருடையதையும் கழற்றியதாக இருக்காது. அந்த நாலு வரி அதையும் பார்த்துக்கொள்ளும்.

நானாவுக்குத் திருப்தி. சேருக்கு அரைத் திருப்தி. தொண்டையைக் கனைத்தார்.

“நத்தார் மாசத்துல மட்டும், பதிவுப் பக்கத்துல... கொஞ்சமா பனி?”

“வராது சேர்.”

“லேசா?”

“ஒரு துளியும் வராது. பிறையும் வராது. அந்தப் பக்கத்துக்கு ஒண்ணும் வராது. வேணும்னா என்ன சங்கத்துல இருந்து எடுங்க.”

“நீங்க கட்டுப்பாட்ட மீறிட்டீங்க மெர்சி.”

“மீறினேன் சேர். அந்தப் பக்கம் தொறக்காட்டி திரும்பவும் மீறுவேன்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதைத்தான் யோசித்தேன். எங்கள் சங்கத்தில் பிறைக்கும் பனிக்கும் சரிசமமான இடம் உண்டு. அதற்காகச் சண்டை பிடிக்கவும் சமாதானம் பேசவும் ஆள் உண்டு. தெல்தோட்டைக்கு? அங்கிருந்து ஒருவரும் நானாவின் கடைக்கு வந்து ‘எங்கட மட்டும் ஏன்?’ என்று கேட்கவில்லை. நம்ம போன் சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டார்கள். கேட்கிறவர்களுக்கு இடையில் பங்கு பிரித்துவிட்டு அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைப்பது நமக்குக் கைவந்த கலை. வெப்சைட்டில் மட்டுமா?

அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் நல்ல சீலை பிடிக்கும். ஆனால் ஆஸ்பத்திரி வேனில் ஏறுகிறவரிடம், முதலில் எங்கள் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு ஏறு என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். வரத்தான் வேண்டும்.

புதன்கிழமை வேன் தெல்தோட்டைக்கு, உச்சி வரை, ஏறியது. பின்னேரம் ரோஸ்மேரி போன் பண்ணினாள். டொக்டர் முதலில் நன்றாக ஏசினாராம். பிறகு புண்ணைச் சுத்தம் செய்து, மருந்து கட்டி, அடுத்த புதனும் தவறாமல் வரச் சொன்னாராம்.

“வந்துக்கிட்டே இருந்தா கால் தப்பிச்சிரும்னு சொல்றாருக்கா. வருவோம்னு சொல்லிட்டேன். சரிதானே?”

“சரிதான்” என்றேன்.

நேற்று சேர் மறுபடி பேசினார். சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. அனுமதியில்லாமல் செய்ததற்கு அடுத்த கூட்டத்தில் நான் விளக்கம் சொல்ல வேண்டுமாம். தாராளமாகச் சொல்கிறேன் சேர். ஒரே ஒரு நிபந்தனை. கூட்டத்தை நானாவின் மேல்மாடியில் வேண்டாம், தெல்தோட்டைக் கோயில் மதிலோரம் வைப்போம். எல்லோரும் முதலில் அவரவர் போனில் நம் பக்கத்தைத் திறக்க வேண்டும். திறந்த பிறகு என்னிடம் விளக்கம் கேளுங்கள்.

அவ்வளவு தூரம் எப்படி வருவது என்று யோசிக்காதீர்கள்... வேன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பதிந்தால் போதும்.